பங்குனிக் கணக்கு

வரிக்கு விவரம் கேட்டு மூன்றாம் முறை
ஆள் வந்துபோயாச்சு.
"சார் ஒரு ஆள்தான் பாக்கி" என்கிறான்
கணக்குப் பிரிவு சங்கரபாண்டி.
ஒவ்வொரு பங்குனியும்
மச்சினன் தலையில் கட்டிய பாலிசியைக் காட்டித்
தப்பித்துக்கொள்கிறவன் நான்.

என்னிடம் ஒரு நீள நோட்டு உண்டு,
மதகுத் திறப்புப் பதிவேட்டில் மிஞ்சியது.
இடது பக்கம் பி.பி.எஃப்.:
பதினைந்து வருஷப் பூட்டு,
ஏழாம் வருஷம் ஒரு கையை மட்டும்
உள்ளே விட்டு எடுக்கலாம்.
வலது பக்கம் பங்குச்சந்தை ஃபண்டு:
மூன்றே வருஷம். ஆனால்
மூன்றாம் வருஷம் ஆற்றில் எவ்வளவு வரும் என்று
எந்த எஞ்சினியர் எழுதிக் கொடுப்பான்?
நடுவில் செல்வமகள்.
போடுவதற்கு வரி இல்லை, வளர்வதற்கு இல்லை,
எடுக்கும்போதும் இல்லை.
மற்றதைவிட ஒரு பிடி வட்டி கூட.
அதன் கீழே பென்சிலில்
ஒரு சொல்: யோசிக்க.

வட்டி ஏறினால், இன்னும் ஏறட்டும் என்று இருந்தேன்.
இறங்கினால், ஏறின பிறகு பார்க்கலாம் என்று.
இத்தனைக்கும்
கன்னடியன் கால்வாயில் முறை வைக்கிறவன் நான்.
வீரவநல்லூர்க்காரர்கள் விடியலில் வந்து
வாசலில் நின்று சத்தம் போட்டால்
காப்பி ஆறுவதற்குள் முடிவு சொல்லுவேன்,
எத்தனை ஷட்டர், எத்தனை அங்குலம், எத்தனை நாள் என்று.
ஒருவரும் வயலோடு காத்திருந்ததில்லை
நான் பென்சில் சீவி முடிக்கட்டும் என்று.

நேற்று அம்பாசமுத்திரம் போஸ்டாபீஸ்.
விசிறி ஓடியும் வேர்வை.
எனக்கு முன்னால் ஏழு பேர்,
ஏழு பேர் கையிலும் கடைசி நேரம்.
கவுண்டரில் முப்புடாதி.
செல்வமகள் பாரத்தை நீட்டினேன்.
பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"சார், பாப்பாவுக்குப் பத்து முடிஞ்சிட்டுல்லா?
போன மாசி மாசமே."
"பத்துக்குள்ள தொடங்கணும் சார்.
தொடங்கியிருந்தா பெறவு எவ்வளவு நாளும் போட்டுட்டே வரலாம்.
இருநூத்தம்பது ரூவா போதும்லா, ஒரு வருசத்துக்கு."

இருநூற்றைம்பது.
போன மாசி அவள் பிறந்தநாளுக்கு
கேக்கின் மேல் பேர் எழுத மட்டும்
அதைவிடக் கூடக் கொடுத்தேன்.

ஒன்பது வருஷம் ஒவ்வொரு வட்டியாக
எடை போட்டுக்கொண்டே இருந்தேன்.
அந்த நோட்டில் நான் குறிக்காத பத்தி
ஒன்றே ஒன்றுதான்:
பிள்ளையின் வயது.
அது மட்டுந்தான்
ஒரு காலாண்டிலும் இறங்காதது.

பின்னால் நின்றவர் இருமினார்.
முப்புடாதி வேறொரு பாரத்தை எடுத்து
கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.
"அவ பேர்லயே பி.பி.எஃப். போடலாம் சார்,
கார்டியன்னு நீங்க கையெழுத்துப் போட்டா போதும்.
வட்டி கொஞ்சம் கொறவு. ஆனா இன்னிக்கு முடிஞ்சிரும்."

இன்றைக்கு முடிந்துவிடும்.
எந்த ஒப்பீட்டிலும் வராத அந்த ஒரு லாபத்துக்கு
ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
உறவு: தந்தை.
முதிரும்போது அவளுக்கு இருபத்தைந்து.
அப்போது எனக்கு எத்தனை என்று
கூட்டத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

ராத்திரி பாஸ்புக்கைப் பார்த்து
"புது நோட்டாப்பா?" என்று பிடுங்கிக்கொண்டாள்.
நான் தட்டைக் கழுவி வருவதற்குள்
அட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால்
கோடு போட்டு எழுதிவிட்டாள்:

பெ. உலகம்மை
ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு
பாடம்:

பாடத்துக்கு நேரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
என்ன எழுத என்று கேட்கிறாள்.